எட்டு இல்லாத வரிசை

எங்கள் கம்பனியில் எட்டு கிடையாது. ஏழுக்குப் பிறகு ஒன்பது. பில் புத்தகம், அலுமாரித் தட்டு, கழிவறைச் சாவி, எல்லாவற்றிலும் அப்படித்தான். மொதலாளி சுப்பிரமணியத்துக்கு எட்டு ஆகாது என்று கொழும்பில் ஒரு எண்சோதிடர் சொல்லிப் பத்து வருடமாகிறது. அன்றிலிருந்து ஹட்டன் பஸாரில் அவருடைய 'தனலெட்சுமி பேனல்ஸ்' எட்டைத் தொடாமல் நடக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மின்பலகை செய்து கொடுக்கும் இடம். கீழே பட்டறை, மேலே அலுவலகம். தனலெட்சுமி என்பது அவர் மனைவியின் பெயர். அந்தப் பெயரும் கூட்டிப் பார்த்து, சரி வந்த பிறகுதான் பலகையில் ஏறியது.

பட்டறையில் கம்பி பூட்டுபவன் நான். தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டேன். ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்டில் சேர்ந்து அதையும் விட்டேன். இதை இன்னும் விடவில்லை. வேறு இடம் கிடைக்கவில்லை.

மேலே கணினியில் வரைபவள் ஜீவராணி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம். அலுவலகக் கணக்கில் ஒன்பது. ஆறாவது மாதமே நிரந்தரக் கடிதம் தந்திருக்க வேண்டும். தரவில்லை. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும் என்று மொதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் அம்மாவின் பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய அப்பா பொறுமை இழந்துவிட்டார். இந்த மாதம் முடிவதற்குள் கடிதம் கையில் இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு துணிக்கடையில் போய் நிற்க வேண்டும் என்று ஆள் பேசி முடித்திருந்தார்.

சாவி தொலையவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"சான்றிதழ்ல பதினேழாந்தேதின்னு இருக்குண்ணே" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "ஒண்ணும் ஏழும் எட்டு. காட்டுனா அன்னைக்கே வெளிய."

"இன்டர்வியூல பத்தொன்பதுன்னு சொன்னியே?"

"அம்மா பத்தொன்பதுன்னுதான் சொல்லுது. எங்க தோட்டத்து டாக்டரய்யா அந்தந்த மாசம் பொறந்த புள்ளைங்கள எல்லாம் ஒரே நாள்ல ஒக்காந்து எழுதுவாரு. பக்கத்து காம்பரா வீரய்யா மாமா மகன் பதினேழு. அவன் தேதிய எனக்கும் ஜம்பர் போட்டு இழுத்துட்டாரு."

இந்த ஜம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மின்பலகைக்குள் கம்பிகளைத் திருகிப் பூட்டுவதற்குச் சின்னச் சின்னக் கட்டைகள் வரிசையாக இருக்கும். அவை டெர்மினல்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்கள் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்தோடு நிற்கும். ஜம்பர் என்பது சீப்பு மாதிரி ஒரு செப்புத் துண்டு. அதன் பற்களை அடுத்தடுத்த கட்டைகளில் இறக்கினால் முதல் கட்டைக்கு வரும் மின்சாரம் மற்றவற்றுக்கும் போகும். வரைபட மென்பொருளில் எந்தெந்தக் கட்டைக்கு ஜம்பர் என்று சொன்னால் போதும். எத்தனை பல் வேண்டும் என்று அதுவே எண்ணிச் சாமான் பட்டியலில் போட்டுவிடும்.

மென்பொருளுக்கு எட்டோடு பகை இல்லை. எங்களுக்காக ஜீவராணி எட்டை அழித்துவிடுவாள். வரைபடத்தில் ஏழும் ஒன்பதும் பக்கத்து வீடுகள் ஆகிவிடும். கஷ்டம் கீழே எனக்கு. இலக்கம் அச்சடித்த பட்டைகள் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே துண்டாக வரும். உலகத்தில் எந்தக் கம்பனியும் எட்டை விட்டுவிட்டு அச்சடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பட்டையிலும் எட்டைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு மீதியை நெருக்கிப் பூட்டுவேன். வெட்டிய எட்டுகளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்கக்கூடாது, ஆற்றில் விடக்கூடாது என்று சோதிடர் சொல்லியிருந்தார். என்ன செய்யலாம் என்று அவர் சொல்லவில்லை. என் மேசைக்கு அடியில் ஒரு பால்மா டின் நிறைய எட்டுகள் இருக்கின்றன.

அந்த மாதம் கொழும்பிலிருந்து வந்த பட்டை வேறு சாதி. கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம், அதில் ஒவ்வொரு இலக்கமும் திருப்பி மாட்டக்கூடிய ஒரு சின்ன வில்லை. கத்தியை வைத்தால் முழுப் பட்டையும் தெறித்து உடைந்தது. இரண்டை உடைத்துவிட்டு மொதலாளியிடம் காட்டினேன்.

"வெட்ட முடியாட்டி திருப்பி மாட்டு" என்றார். "எழுத்து உள்ள போயிரும். வெத்தா இருந்தா அது எட்டு இல்ல."

எட்டாவது இலக்கத்தைத் திருப்பி மாட்டினேன். பட்டை நேராக நிற்க அதன் கீழேயும் ஒரு கட்டை வேண்டும். வெற்றுக் கட்டை ஒன்றைச் செருகினேன். பொகவந்தலாவைத் தொழிற்சாலைக்குப் போகும் பலகை அது. கொழுந்து வாட்டும் நான்கு தொட்டிகள், நான்கு காற்றாடிகள். ஆறு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய கட்டைகளுக்கு ஒரே ஜம்பர். மென்பொருள் நாலு பல் என்று சொன்னது. நாலு பல்லை ஆறிலிருந்து இறக்கினேன்.

எண்ணிப் பாருங்கள். நான் எண்ணவில்லை.

சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். பத்து இருபதுக்கு மொதலாளி பலகைக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை லொறிச் சக்கரத்தின் கீழே வைத்து, "எடு, எடு" என்று கத்தினார். சோதிக்கும் விளக்கு என் கையிலேயே இருந்தது. லொறி வளைவில் மறையும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

அடுத்த நாள் சனிக்கிழமை, பதினாறாம் தேதி. காலை எட்டரைக்கு, எங்கள் வழக்கில் ஒன்பதுக்கு அரை மணி முன்பு, மொதலாளியின் போன் அடித்தது. தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் செல்லசாமி. அவர் பேசினால் போனைக் காதில் வைக்க முடியாது. மேசையில் வைத்தாலே எல்லோருக்கும் கேட்கும்.

"சுப்பிரமணியம், என்னாய்யா அனுப்பியிருக்கீங்க? மூணு காத்தாடி ஓடுது. நாலாவது செத்துக் கெடக்கு. நாலாந் தொட்டிக் கொழுந்து ஒரு ராத்திரியில அவிஞ்சு போச்சு!"

"ஐயா, மோட்டர்ல ஏதாச்சும்..."

"மோட்டருக்கு என்னா கேடு! பத்தாம் நம்பர் கட்டையில கரண்டே இல்ல. பக்கத்துல ஒரு மொட்டைக் கட்டை, அதுல நம்பரும் இல்ல கம்பியும் இல்ல, ஆனா கரண்டு இருக்கு. எங்க எலக்ட்ரீசியன் சும்மா கட்டைதானேன்னு வெரல வச்சான். தூக்கி அடிச்சுச்சு. பேர் போட்டவனுக்குக் கரண்டு இல்ல, பேரே இல்லாதவனுக்கு முழுக் கரண்டு. இது பேனலா, எங்க தோட்டத்துப் பெரட்டா?"

பெரட்டில், அதாவது காலை ஆள் எடுக்கும் இடத்தில், வேலைக்கு வராதவனுக்கு அன்றைய கூலிக்குப் பேர் விழுவதும் வந்தவனுக்கு விழாமல் போவதும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மொதலாளி சிரிக்கப் பார்த்தார். செல்லசாமி விடவில்லை.

"நாலு மணிக்கு அந்திக் கொழுந்து வருது. அதுக்கு முன்ன ஆள் வரணும். பேனல்ல இருக்குறது எதுவோ அது அப்பிடியே வரைபடத்துலயும் இருக்கணும். அந்த மொட்டைக் கட்டைக்கும் நம்பர் போட்டு, கையெழுத்து வச்சு கொண்டாங்க. திங்கக்கெழம எங்க தோட்டக் கம்பனி எஞ்சினியர் வர்றாரு. இல்லாட்டி பேனல கழட்டி ரோட்டுல வச்சிருவேன், வந்து தூக்கிட்டுப் போங்க."

போன் அடங்கியது. மொதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரைபடத்துல கையெழுத்து யாருது?"

"என்னோடதுங்க" என்றாள் ஜீவராணி.

"அப்ப தப்பும் ஒன்னோடது. நிரந்தரக் கடிதம் கேக்குற ஆளு செய்யிற வேலையா இது? கடிதத்த மறந்துரு."

பல் தப்பாக இறங்கியது என் கையால். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நிரந்தரக் கடிதம் இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி நின்றேன். ஜீவராணி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கணினித் திரையை மொதலாளி பக்கம் திருப்பினாள்.

"வரைபடத்துல தப்பு இல்லிங்க. எட்டு இல்லாத வரிசையில நாலு பல்லு சரி. கீழ எட்டு இருக்குது."

"சொல்லாத அந்த நம்பர!"

"அது கீழ இருக்குதுங்க. மேல இல்ல. அதான் வெனை."

இதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. ஐந்து பல் ஜம்பர் ஒன்றை எடுத்து, நடுவில் எட்டுக்கு வரும் பல்லைக் குறட்டால் முறித்துவிட்டு இறக்கினால் முடிந்தது. மென்பொருளுக்கும் அது தெரியும். எட்டாவது கட்டை ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போ என்று சொன்னால், ஐந்து பல், ஒன்றை முறிக்கவும் என்று அதுவே பட்டியல் போடும். ஆனால் தாண்டுவதற்கு அங்கே ஒரு எட்டு இருக்க வேண்டும். யாராவது விசைப்பலகையில் அந்த இலக்கத்தைத் தட்ட வேண்டும்.

"ஏழு 'ஏ'ன்னு போடு" என்றார் மொதலாளி.

ஜீவராணி போட்டாள். மென்பொருள் அதைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில், பத்துக்கும் அந்தப் பக்கம் நிறுத்தியது.

"பாதியா போட்டுப் பாரு. ஏழுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல. ஏழு புள்ளி அஞ்சு."

"ஏழரைங்களா மொதலாளி?" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எட்டுக்குப் பயந்து ஏழரைச் சனியைத் தானே கையைப் பிடித்து அழைத்து வருவது அவருக்கே அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். "அழி, அழி" என்றார். தண்ணீர் குடித்தார். கொழும்புச் சோதிடருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

சோதிடர் விஷயத்தை முழுவதும் கேட்டார். டெர்மினல் என்றால் என்ன என்று கேட்டார். ஜம்பர் என்றால் என்ன என்று கேட்டார். பிறகு எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர் போலப் பேசினார்.

"எட்டுங்கிறது சனி பகவான். உங்க கம்பனியில யார் தொட்டாலும் தோஷம். ஆனா பிறந்த தேதியே எட்டா இருக்கிறவங்க தொட்டா ஒண்ணும் ஆகாது. சொந்தக்காரன் வீட்டுக்கு சொந்தக்காரன் போற மாதிரி."

"எட்டுல பொறந்தவங்க... சரிங்க சாமி, சரிங்க."

மொதலாளி உற்சாகமாக எழுந்து ஆட்களின் பைல்களை இழுத்தார். பதினொரு பைல். ஒவ்வொன்றாகத் திறந்து கூட்டினார். ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, ஒன்று, ஒன்பது. பதினோராவது பைலை மூடும்போது அவருக்கே புரிந்தது. பத்து வருடமாக வேலை கேட்டு வந்த எட்டுகள் எல்லாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்தான். வட்டவளையிலிருந்து வந்த ஒரு நல்ல எலக்ட்ரீசியனை இருபத்தாறாம் தேதி பிறந்ததற்காகத் தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஒருத்தன் கூட இல்லியே! ஒருத்தன்!" என்று தலையில் கை வைத்தார். இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு எட்டு இல்லாதது யாரோ அவருக்குச் செய்த துரோகம் போல.

மணி பதினொன்றரை. நாலு மணிக்குள் பொகவந்தலாவை போவதென்றால் இரண்டு மணிக்காவது பஸ் ஏற வேண்டும்.

ஜீவராணி தன் பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். எத்தனை நாளாக அதைப் பையில் வைத்துச் சுமந்தாளோ தெரியாது. ஓரம் மடிந்திருந்தது. மேசையில் வைத்தாள்.

மொதலாளி படித்தார். விரலை மடக்கிக் கூட்டினார். முகம் இரண்டு முறை மாறியது. முதலில் கோபம்.

"பத்தொன்பதுன்னு சொல்லித்தானே வேலைக்கு வந்த? என்னய ஏமாத்திக்கிட்டு என் ஆபீசுக்குள்ள இத்தன மாசமா..."

"எங்கம்மா பத்தொன்பதுன்னுதாங்க சொல்லும். எழுதுனவரு பதினேழுன்னு எழுதிட்டாரு."

"அப்ப நீ எதுதான்?"

"நீங்க சொல்லுங்க. பத்தொன்பதுன்னா நான் ஏமாத்தல. பதினேழுன்னா இப்ப உங்களுக்கு வேற ஆளு இல்ல."

மொதலாளி திரும்பவும் கொழும்புக்குப் போன் போட்டார். சோதிடருக்கு இந்த முறை யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை. "எழுத்துல இருக்கிறதுதான் கணக்கு. வயித்துல இருந்து வந்த நேரத்த அரசாங்கம் ஏத்துக்குமா? சனியும் ஏத்துக்க மாட்டார்."

இரண்டாவது முகம் வந்தது. மகாலட்சுமியைப் பார்த்த முகம். "எட்டு மாசமா எட்ட வீட்டுக்குள்ளயே வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல பாரு" என்று என்னிடம் சொன்னார். வாயால் இரண்டு முறை எட்டு சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நேற்றுப் போன பலகையையும் செத்துப்போன காற்றாடியையும் நான் நினைவூட்டவில்லை.

"ஒக்காரும்மா, ஒக்காரு. அந்த நம்பர அடி."

ஜீவராணி உட்காரவில்லை.

"கடிதம் குடுத்தா அடிக்கிறேங்க."

"மொதல்ல வேலைய முடி. கடிதம் எங்க போகுது? திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"இன்னைக்குப் பதினாறு. நாளைக்குப் பதினேழு, நீங்க பேனாவையே தொட மாட்டீங்க. திங்கக்கெழம எஞ்சினியர் வந்து பேனல ரோட்டுல பாத்தாருன்னா, கடிதம் குடுக்க நீங்க இருப்பீங்க, வாங்க நான் இருக்க மாட்டேன். எங்கப்பா கொழும்புக்கு பஸ் பாத்து வச்சிருக்காரு. கைப்பைய எடுக்கவாங்க?"

குரலை உயர்த்தவே இல்லை. பஸ் டிக்கெட் கேட்கிற குரல்தான். மொதலாளி பையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த முருகனைப் பார்த்தார். மூன்றும் உதவவில்லை. தன் கணினியில் கடித மாதிரியை எடுத்துப் பெயரை மாற்றி அச்சடித்தார்.

ஜீவராணி முழுவதும் படித்தாள். எங்களில் ஒருவனும் அப்படிப் படித்ததில்லை. கையில் கிடைத்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவோம்.

"ஏழாவதுக்குப் பெறகு ஒன்பதாவது இருக்குதுங்க."

"அப்பிடித்தான் இருக்கும். எல்லார் கடிதமும் அப்பிடித்தான்."

"அந்த எடத்துல மொதல்ல என்னா இருந்துச்சு?"

மொதலாளி அச்சுப்பொறியை மூடினார். கடித மாதிரி கொழும்பில் ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்தது. பத்து நிபந்தனைகள். எட்டாவதை எடுத்தவர் இவர். ஏழாவது வேலை நேரம். ஒன்பதாவது, சொல்லாமல் வராவிட்டால் நடவடிக்கை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்க முடியும் என்று யோசித்தேன். நாலு வருடமாக இங்கே இருக்கிறேன். லீவு கேட்கும் போதெல்லாம் "கடிதத்துல இருக்கா பாரு" என்பார். இருக்காது.

"லீவுங்களா?" என்றாள்.

"அது... ஏதோ ஒண்ணு இருந்துச்சு. இப்ப என்னாத்துக்கு அது?"

"எட்டாவது எனக்குத் தோஷமில்லைன்னு சாமியே சொல்லிட்டாரு. போட்டுக் குடுங்க."

"என் கையால அத எழுத மாட்டேன்."

"நான் எழுதிக்கிறேங்க."

மொதலாளிக்கு வழி இல்லை. அவள் பேனாவை எடுத்து ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் 8 என்று போட்டாள். பெரிய எட்டு. அதன் பக்கத்தில், வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளத்துடன் லீவு, கேட்ட நாளில், என்று எழுதினாள். மொதலாளி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எட்டாவதை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டார். மூடிய கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்று வரை படித்திருக்க மாட்டார்.

அவள் கடிதத்தை மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எட்டைத் தட்டினாள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அது போய் நின்றது. ஜம்பருக்கு அதைத் தாண்டச் சொன்னாள். பட்டியலில் ஐந்து பல், ஒன்றை முறிக்கவும் என்று வந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகவில்லை. அவள் கையெழுத்து வைத்த தாளை வாங்கிக்கொண்டு நான் டின்னைக் குடைந்து, பழைய மெல்லிய பட்டையில் வெட்டிய எட்டு ஒன்றை எடுத்தேன். திருப்பி மாட்டிய இலக்கத்தின் மேல் ஒட்ட அது போதும்.

இரண்டு மணி பஸ்ஸில் போனேன். பல்லை முறித்து இறக்கினேன். நாலு காற்றாடியும் ஓடின. செல்லசாமி வரைபடத்தையும் பலகையையும் விரல் வைத்து ஒவ்வொரு கட்டையாக ஒப்பிட்டார். எட்டு வந்ததும் நிறுத்தி, "இவனுக்கு இப்ப பேர் விழுந்துருச்சு, வேலதான் இல்ல" என்றார். "நல்ல உத்தியோகம்."

"என்னய அடிச்ச பயபுள்ள யாருய்யா?" என்று விரலில் துணி சுற்றியிருந்த எலக்ட்ரீசியன் கேட்டான்.

"சாப்ட்வேர்" என்றேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு மாற்றம். ஜீவராணியின் மேசையைப் படிக்கட்டுக்கு வெளியே, கழிவறைக் கதவை ஒட்டி நகர்த்தியிருந்தார்கள். எட்டு மொதலாளியின் வடகிழக்கில் உட்காரக்கூடாதாம். மேசையில் மழைச்சாரல் அடித்தது. அவள் குடையை ஆணியில் கட்டித் தொங்கவிட்டு வரைந்துகொண்டிருந்தாள்.

"டின்னைக் குடுங்கண்ணே" என்றாள். "இனி எட்டும் வரும், தேவைப்படும்."

கொடுத்தேன். சனிக்கிழமை நான் வாயைத் திறக்காமல் நின்றதைப் பற்றி அவள் பேசவில்லை. மறக்கவும் இல்லை. டின்னை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயந்தரம் என் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துப் படித்தேன். ஏழு. ஒன்பது. அடுத்த நாள் மொதலாளியிடம் கொண்டுபோனேன். எனக்கும் எட்டாவதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"நீ என்னா நம்பர்?"

"அஞ்சுங்க."

அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். உண்மையான வருத்தம். "அஞ்சுக்கு லீவு ஒத்து வராதுடா துஷாந்த். அஞ்சு புதன் கிரகம். ஓடிக்கிட்டே இருக்கணும்."

அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், நான் பிறந்த மாதம் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தேதிகளை யார் எழுதினார், என்னுடையதை எட்டு வரும்படி திருத்தித் தருவாரா என்று.